கும்பளங்கிக் காயலும் நமது காமிராவும்

கொச்சியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குக் கும்பளங்கி என்பது புதிய பெயராயிராது. தோப்பும்படியிலிருந்து தெற்கு நோக்கிப் பெரும்படப்பு வழியே சென்று, பாலம் ஒன்றைக் கடந்தால் அவ்வூரை அடையலாம். காயல் நீர் சூழ்ந்த சிற்றூர். மீன்பிடித்தலும், இறால் வளர்ப்பும், உப்பு நீரைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லுமே அதன் பழைய வாழ்வு. அதனை மாதிரிச் சுற்றுலாச் சிற்றூராக்கும் திட்டம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பின்னர் 2019-இல் மது சி. நாராயணன் இயக்கி வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்னும் மலையாளத் திரைப்படம் அவ்வூரின் பெயரைத் தமிழ்நாட்டு இல்லங்களுக்குள்ளும் கொண்டு சேர்த்தது.

நாம் அங்கே சென்றது திரைப்படத்தைக் கண்ட ஆவலால் அன்று. நம் அன்னையாரின் பொருட்டுச் சென்றோம். நம் தந்தையார் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1964-இல் மணமாகிக் கோவில்பட்டியிலிருந்து வந்த அன்னையாரை, உடன் பணியாற்றிய ஒருவர் வீட்டு விருந்திற்காகக் கும்பளங்கிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். திரும்புகையில் இரவாகிவிட்டது. நிலவில்லாத இரவு. தோணிக்காரர் கழியை நீரில் ஊன்றிய இடமெல்லாம் ஒளி எழுந்ததாம். தந்தையார் கழியை வாங்கித் தாமும் நீரில் அடித்துக் காட்டினாராம். அன்னையார் வாழ்நாளில் இருபது முறையேனும் நம்மிடம் சொல்லிய கதை இது.

இப்பொழுது அவர் கோவில்பட்டியில் நம் தமக்கையார் வீட்டில் இருக்கிறார். கண்ணில் நீரழுத்த நோய். பகலில் கைக்கு அருகில் உள்ளதைக் காண்பார். அந்தி சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பார். அவரைக் கும்பளங்கிக்கு அழைத்து வந்து இருட்டில் நிறுத்துவதால் பயனில்லை. ஆகவே, “அந்தத் தண்ணியை ஒரு படமாவது எடுத்து அனுப்பு” என்றார். மகனிடம் தாய் கேட்ட சிறு பொருள் இது. இதனைக் கொடுக்க நமக்கு ஓராண்டு பிடித்தது.

முதல் ஆண்டு நேர்ந்ததை மறைப்பதற்கில்லை. நம்மிடம் ஒரு டிஜிட்டல் காமிரா உண்டு. முக்காலியும் உண்டு. இவ்விரண்டும் இருப்பதாலேயே படமெடுக்கத் தெரியும் என்று நம்பியிருந்தோம். கும்பளங்கி வரப்பில் நின்று, இருட்டுக்கு நீண்ட நேரம் வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டதைக் கொண்டு, 25 நொடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தோம். படத்தைக் கண்டு நாமே வியந்துவிட்டோம். காயல் முழுதும் நீலம், கரையிலிருந்த தென்னைகளும் தெளிவாகத் தெரிந்தன, வானம்கூட நீலமாயிற்று. அச்சிட்டுக் கோவில்பட்டிக்கு அனுப்பினோம். அன்னையார் சன்னலருகே வைத்து நெடுநேரம் பார்த்தாராம். பின்னர்த் தொலைபேசியில் சொன்னார்: “என்னய்யா இது, தொட்டியிலே சொட்டு நீலத்தைக் கொட்டின மாதிரி இருக்கு. நான் பார்த்தது இது இல்லை. அது பால் மாதிரி இருந்துச்சு. அதுவும் கம்பு பட்ட எடத்திலே மட்டுந்தான்.”

நமக்குச் சிறிது சினமும் வந்தது. அறுபது ஆண்டுக்கு முந்தைய நினைவுதானே, மங்கியிருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். பிறகு காமிராவை எடுத்துப் பார்த்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று. ஒரு திருமண மண்டபத்தில் விளக்கொளியில் படமெடுப்பதற்காக ‘ஒயிட் பாலன்ஸ்’ என்னும் நிற அமைப்பைப் பல்புக் குறியில் வைத்தவர் நாமே. திருப்பி வைக்க மறந்தவரும் நாமே. பல்பின் மஞ்சளை ஈடுகட்டுவதற்காக அவ்வமைப்பு எல்லாவற்றிலும் நீலத்தைக் கூட்டும். அன்னையார் சொன்ன சொட்டு நீலம் முழுக்க முழுக்க உண்மை.

இவ்வாண்டு, மழைக்கு முந்தைய வெப்பக் காலத்தில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை நம் மகளும் உடன் வந்தாள். இருட்டில் தடுமாறுவதற்கு முன் பகலிலேயே காமிராவின் இயல்பை அறிந்துகொள்வது என்பது அவளுடைய யோசனை.

காலையில் மட்டாஞ்சேரியில் இறங்கினோம். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற மாளிகை அங்கே உள்ளது. போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததை, டச்சுக்காரர் 1663-இல் பழுது பார்த்ததால் அப்பெயர் நிலைத்தது. அதன் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் உள்ளன. காமிராவைப் பையிலிட்டுக்கொண்டு கண்ணால் மட்டும் கண்டு வெளிவந்தோம்.

அடுத்துக் கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைக் கூடத்திற்குச் சென்றோம். அன்னையார் அதனையும் கேட்டிருந்தார். கொச்சித் தமிழர் அனைவரும் ஒருமுறை காணவேண்டிய இடம் அது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குலத்தாரின் வழியினர் இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இப்பொழுதுள்ள கூடம் 1976-இல் எழுந்தது. துணி காயவைக்கும் கொடி அங்கே ஒரு தனிக் கலை. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கவ்வி ஒன்றும் கிடையாது. எந்தக் காற்றுக்கும் துணி விழுவதில்லை.

பத்து மணி வெயிலில், வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவரிடம் இசைவு கேட்டு, காமிராவைத் தானியங்கியில் வைத்து ஒரு படம் எடுத்தோம். அவர் அதைப் பார்க்க விரும்பினார். பின்புறத் திரையைக் காட்டினோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஏன் சார், நாங்க வெளுத்ததை ஒங்க பொட்டி அழுக்காக்கிடுச்சே!” என்றார்.

படத்தில் விரிப்புகள் சாம்பல் நிறமாக இருந்தன. குற்றம் வெயிலுடையதன்று, பெட்டியின் இயல்பு அது. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு, தான் காண்பது வெள்ளைத் துணியா கருந்தோணியா என்று தெரியாது. எதிரே உள்ள எதையும் இடைப்பட்ட சாம்பல் நிறம் என்றே அது கொள்ளும். வெள்ளை நிறைந்த காட்சியைக் கண்டால் ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று குறைக்கும். கருமை நிறைந்த காட்சியைக் கண்டால் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று கூட்டும். இரண்டையும் ஒரே சாம்பலாக்கி நம் கையில் கொடுக்கும். இது வெள்ளை, வெள்ளையாகவே இருக்கட்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும்.

அதற்கென்றே கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் பெரும்பாலான காமிராக்களில் உண்டு. கைத்தொலைபேசியிலும், திரையைத் தொட்டபின் விரலை மேலும் கீழும் நகர்த்தினால் இதே வேலை நடைபெறும். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என்ற நிலையில் காமிரா தானாகத் தெரிந்துகொண்டது 1/1000 நொடி. ஒன்றேகால் படிக்குச் சற்று மேலாகக் கூட்டினோம். அது 1/400 நொடி ஆயிற்று. இதற்கு மேல் கூட்டினால் நெசவின் இழை தெரியாமல் வெறும் காகிதம்போல் ஆகிவிடும். இரண்டாம் படத்தைக் கண்ட பெரியவர் கூடத்திற்குள் இருந்த இருவரை அழைத்துக் காட்டினார். அன்று நாம் பெற்ற முதல் நற்சான்று அது.

இம்மூன்று எண்களைப் பற்றி அறியாத அன்பர்களுக்காக ஒரு சொல். வயலுக்கு மடை திறப்பதை எண்ணிப் பாருங்கள். மடையின் அகலம் லென்ஸின் துவாரம். எஃப் என்ற எண் குறையக் குறையத் துவாரம் அகலும். மடை திறந்திருக்கும் நேரம் ஷட்டர். சிறிது நீருக்கே மண் நனைந்துவிடுமா, மிகுதியாக வேண்டுமா என்பது ஐ.எஸ்.ஓ. எண் உயர்ந்தால் சிறு ஒளியும் போதும். ஆனால் படத்தில் மணல் தூவினாற்போன்ற பொரி எழும். துவாரம் எஃப் 8-இலிருந்து 5.6 ஆனால் ஒளி இருமடங்கு. அப்பொழுது நேரத்தைப் பாதியாக்கினால் ஒளியின் அளவு மாறாது. அளவு ஒன்றாயினும் படம் ஒன்றாக அமையாது என்பதைப் பிற்பகலில் கும்பளங்கியிலே கண்டோம்.

அங்கே காயற்கரையில் சீன வலைகள் நிற்கின்றன. கோட்டைக் கொச்சிக் கடற்கரையிலுள்ளவை பெரியவை. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால்தான் எழும். கும்பளங்கியில் சிறியவை மிகுதி. ஒருவர் மரத்தின்மேல் நடந்து தம் உடற்பாரத்தால் வலையை இறக்குவதும், எதிர்ப்புறம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்களின் உதவியால் ஏற்றுவதும் காண இனியவை. வலை எழும்பொழுது நீர் சொரியும். 1/1000 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் மணிபோல் வானில் நிற்கும். 1/15 நொடியில் எடுத்தால் துளிகள் இழையாகி, வலையிலிருந்து மற்றொரு மெல்லிய வலை தொங்குவதுபோல் தோன்றும். மகளுக்கு இரண்டாவது பிடித்தது. நமக்கு முதலாவது. வலைக்காரருக்கு இரண்டிலும் மீன் தெரியவில்லை என்பதே குறை.

கதிரவன் சாயும் வேளையில் வலையும் அவரும் கருநிழலாகவும் வானம் செம்பொன்னாகவும் ஒரு படம் அமைந்தது. கதிரவனை விடுத்து அதன் பக்கத்து வானத்தை அளந்து, ஒரு படி குறைத்து எடுத்தது. நாள்காட்டிக்கு அனுப்பலாம் என்று பெருமை கொண்டோம். வலைக்காரர் திரையை உற்று நோக்கி, “எல்லாம் நன்று, என் முகம் எங்கே?” என்று மலையாளத்தில் கேட்டார். நமக்கு நாணமாகிவிட்டது. பிழைப்புக்காக அந்திவரை அம்மரத்தின்மேல் நடக்கும் ஒருவரை அழகுக்காக வெறும் நிழலாக்கிவிட்டோமே! இம்முறை இரண்டு படி கூட்டி, முகத்திற்கு ஒளியளந்து எடுத்தோம். வானம் வெளிறி வெறுமையாயிற்று. அவர் முகமும், நரைத்த மீசையும், சிரிப்பும் வந்தன. அதை அவருடைய தொலைபேசிக்கே அனுப்பிவிட்டோம். வானம், முகம் ஆகிய இரண்டையும் ஒன்றாக எடுக்கவும் வழியுண்டு. ஃபிளாஷைக் குறைந்த அளவில் பயன்படுத்தலாம். ஆயினும் அந்திப் பொழுதில் முகத்திலடிக்கும் அவ்வெள்ளொளி நமக்கு உவப்பாயில்லை.

இருட்டியபின் தோணிக்காரர் ஒருவர் வழிகாட்ட, இறால் வயல்களின் வரப்பில் நடந்தோம். பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல். அறுவடையில் கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு உப்பு நீரை உள்ளே விட்டு இறால் வளர்க்கிறார்கள். வெப்பக் காலத்தில் நீரின் உப்பு ஏறுகையில் தோன்றுவதே ‘கவரு’ என்று அவ்வூரார் வழங்கும் ஒளி. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் உடலில் லூசிஃபெரின் என்னும் பொருள் உள்ளது. நீர் கலங்கியவுடன் அது உயிர்வளியோடு கூடி ஒளி விடுகிறது. கலங்காத நீர் இருண்டே கிடக்கும். பெருமழை பெய்து உப்பு குறைந்தால் கவருவும் மறைந்துவிடும்.

அங்கே நமக்கு முன்பே இளைஞர் கூட்டமொன்று வந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி விளக்கு. விளக்கை நீரில் அடித்து, “எங்கே, ஒன்றுமில்லையே!” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறை கூறுவானேன்? சென்ற ஆண்டு நாமும் காமிராத் திரையை நொடிக்கொருமுறை ஒளிரவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒருமுறை விளக்கைப் பார்த்தால் அத்தனையும் வீண். தோணிக்காரர் நம்மைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் சென்று, “இங்கே இரு, மோளே” என்று மகளை வரப்பில் அமர்த்தி, தாமும் பேசாமல் அமர்ந்தார். அரைமணி கழித்து எழுந்து கழியை நீரில் இழுத்தார்.

அன்னையார் சொன்னது சரி. ஒளி வெண்மையாகவே இருந்தது. விளிம்பில் நீலம் உண்டோ இல்லையோ என்று ஐயுறும் அளவே. மகள் சொன்னாள், “பாட்டிக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கிறது.”

இதற்கும் காரணம் உண்டு. நம் விழித்திரையில் நிறமறியும் அணுக்கள் ஒருவகை. மங்கிய ஒளியை அறியும் அணுக்கள் வேறொருவகை. பின்னவை நிறமறியா. கடும் இருளில் நாம் காண்பது பெரும்பாலும் அவற்றின் துணையால்தான். காமிராவுக்கு இவ்வேறுபாடு இல்லை. 25 நொடிகள் ஒளியைச் சேர்த்து வைத்து, கவருவின் உண்மையான நீலத்தை அது காட்டிவிடுகிறது. அறிவியல் நோக்கில் காமிரா பொய் சொல்லவில்லை. ஆனால் 1964-இல் தோணியில் அமர்ந்திருந்த பெண் கண்டது அதுவன்று. அன்னையார் கேட்டது அவர் கண்டதை.

அன்றிரவு நாம் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறோம், பயன்படுவோர்க்குப் பயன்படட்டும். ஒயிட் பாலன்ஸைப் பகலொளிக் குறிக்கு மாற்றினோம். நிறச் செறிவை இரண்டு படி குறைத்தோம். இருட்டில் காமிராவால் தானே குவியம் கொள்ள இயலாது. ஆதலால் மாலையிலேயே வரப்பில் ஒரு குச்சி நட்டு, அதற்குக் குவியம் வைத்து, கைக்கு மாற்றி, லென்ஸ் வளையம் அசையாதபடி ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டோம். முக்காலியைத் தோணியில் வைப்பதில் பொருளில்லை, தோணி அசையும். வரப்பின் கெட்டி மண்ணில் வைத்தோம். விரல் அழுத்தும் அதிர்ச்சிகூடப் படக்கூடாதென்று 2 நொடி தாமதப் பொத்தானை வைத்தோம். எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200. நேரத்தை 8 நொடியில் தொடங்கி, 4 ஆக்கி, இறுதியில் 2 நொடிக்கு வந்தோம். தோணிக்காரர் சலிப்பின்றி முப்பது முறையேனும் கழியை இழுத்திருப்பார். 2 நொடியில்தான் கழி சென்ற தடம் மட்டும் ஒரு கீற்றாக விழுந்தது, மற்றதெல்லாம் கருமை. தென்னை இல்லை, வானம் இல்லை, கரை இல்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தும், இருட்டில் எந்தப் படமும் அளவுக்கு மீறிப் பொலிவாகவே தோன்றும். அதை நம்பி இன்னும் குறைத்துவிடாதீர்கள். ஒளியளவைக் காட்டும் வரைபடத்தை நம்புக.

வேலை முடிந்தது என்று எண்ணினோம். முடியவில்லை. நகரத்தில் ஓர் அச்சு நிலையத்தில் படத்தைக் கொடுத்தோம். மாலையில் வாங்கிப் பார்த்தால் கருமையெல்லாம் புழுதிச் சாம்பலாகி, பொரி பொரியாக ஏதோ மேகம்போல் இருந்தது. படம் மிக இருட்டாயிருந்ததால் இயந்திரம் தானே திருத்திக்கொண்டதாம். காலையில் வெள்ளையை அழுக்காக்கிய அதே சாம்பல், இங்கே வந்து நம் இருட்டை வெளுத்துவிட்டது! “ஒரு திருத்தமும் செய்யவேண்டா, உள்ளபடியே வேண்டும்” என்று எழுதிக் கொடுத்து மறுபடி அச்சிட்டோம். கடைக்காரப் பையன் நம்மை ஐயத்தோடு பார்த்தான். “சார், ஒன்றுமே தெரியாதே” என்றான்.

சலவைக் கூடத்து வெள்ளை விரிப்பும், வலைக்காரர் முகமும், கழித்தடமுமாக மூன்று படங்களை எடுத்துக்கொண்டு நாமே கோவில்பட்டிக்குச் சென்றோம். அன்னையார் முதலிரண்டையும் விரைவில் பார்த்துத் தமக்கையாரிடம் கொடுத்துவிட்டார். மூன்றாவதைச் சன்னலுக்குக் கொண்டுபோய், வெயில் நேரே படும்படி சாய்த்துப் பிடித்தார். கண்ணுக்கு மிக அருகே கொண்டுவந்தார். நாம் ஏதும் சொல்லவில்லை.

“இருட்டு சரியா இருக்குய்யா” என்றார்.

சிறிது நேரம் கழித்து, “கம்பு யார் கையிலே?” என்று கேட்டார். தோணிக்காரர் கையில் என்றோம். படத்தில் ஆள் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒளிக்கீற்று தொடங்கும் ஓரத்தில், வெறும் கருமையாக இருந்த இடத்தில், விரலை வைத்துக்கொண்டிருந்தார்.